சிறைக்கோட்டமும் அறக்கோட்டமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பூட்டுக்குப் பெயர்பெற்ற ஊரில் சிறையைப் பொருளாக எடுத்துக்கொள்வது பொருத்தமா, குறும்பா என்பதை அவையோர் முடிவு செய்துகொள்ளலாம். திண்டுக்கல் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அக்குறியீடு வந்து சேர்ந்தபோது பட்டறைகள் பல மூடிக் கிடந்தன என்பது வேறொரு துயரக் கதை. பூட்டு வாங்க வருபவர் அதனைப் பூட்டிப் பார்ப்பதோடு நின்றுவிடுவதில்லை. திறவுகோலை இட்டுத் திறந்தும் பார்த்த பின்னரே விலை பேசுகிறார். சிறைத்தண்டனை பற்றிய அரசியல் வழக்காடல்களில் பூட்டிப் பார்க்கும் பாதிமட்டுமே நிகழ்கிறது. எத்தனை ஆண்டு பூட்டலாம் என்பதில் கட்சிகளுக்குள் போட்டியிருக்கிறது. திறக்கும் நாளில் வெளியே வருபவன் யாராக வருவான் என்ற கேள்விக்கு மேடையில் இடம் கிடைப்பதில்லை.

இந்நகரின் தலைக்கு மேலே நிற்கும் மலைக்கோட்டைக்கும் தண்டனை வரலாற்றில் பங்குண்டு. மதுரை நாயக்கர் எழுப்பி, ஐதர் அலி, திப்பு சுல்தான் காலங்களில் வலுப்பெற்று, பின்னர்க் கும்பினியார் கைக்குச் சென்ற கோட்டை அது. விருப்பாட்சிப் பாளையத்துக் கோபால் நாயக்கர் 1801இல் இவ்வூரில்தான் தூக்கிலிடப்பட்டார். கோபாலசமுத்திரக் கரையில் மாலையில் நடை பயில்வோருள் அவர் பெயரால் அக்குளம் வழங்குகிறது என்பதை அறிந்தோர் சிலரே. அவருக்கு வழக்கு இல்லை, வாதம் இல்லை. தண்டனை மட்டும் இருந்தது.

சிறை என்னும் சொல் தமிழில் விந்தையானது. காவலில் வைக்கும் இடத்துக்கும் அதுவே பெயர். பறவையின் சிறகுக்கும் அதுவே. நீரைத் தேக்கி நிறுத்தும் கரைக்கும் அதுவே. முதலிரண்டு பொருள்களையும் இணைத்துக் கவிஞர்கள் பாடிச் சலித்துவிட்டனர். இந்த வட்டத்தின் பத்தாண்டுக் கவியரங்குகளில் கூண்டுக்கிளி எத்தனை முறை வந்து போயிற்று என்பதைச் செயலாளர் பதிவேடு பார்த்துச் சொல்லலாம். மூன்றாவது பொருளே திண்டுக்கல் சமவெளி உழவருக்கு நெருக்கமானது. மழை ஒளிந்து விளையாடும் இந்நிலத்தில் நீரைச் சிறைசெய்வது, வேண்டும் காலத்தில் வேண்டும் அளவு திறந்துவிடுவதற்காக. மடை வைக்காமல் கரை கட்டுபவனை ஊர் நகைக்கும். அக்கரை ஒரு பெருமழையில் உடையும். உடையும்போது தேங்கிய நீரோடு கரை மண்ணும் வயலுக்குள் பாயும்.

சிறையை ஒழிப்பது என்னும் எண்ணத்தை முதலில் காப்பியமாக்கிய மொழி தமிழாக இருக்கக்கூடும். மணிமேகலையின் பத்தொன்பதாம் காதையின் பெயரே ‘சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை’. கதை அனைவரும் அறிந்ததே. உதயகுமரனின் தொல்லையிலிருந்து விலக, காயசண்டிகை என்னும் விஞ்சையர் மகளின் வடிவம் தாங்கியிருந்த மணிமேகலை, அமுதசுரபியை ஏந்திப் புகார் நகரத்துச் சிறைக்கோட்டத்தில் நுழைகிறாள். பசியால் வாடிக் கிடந்தோரை உண்பிக்கிறாள். ஒரு பாத்திரம் இத்தனை பேருக்கு எவ்வாறு ஊட்டியது என வியந்த காவலர், சோழ வேந்தனிடம் சென்று அறிவிக்கின்றனர். வேந்தன் அவளை அழைத்து, யான் செய்ய வேண்டுவது யாது என வினவுகிறான். சிறையை ஒழித்து அறவோர் உறையும் கோட்டமாக்குக என்கிறாள். அவ்வாறே ஆகிறது.

மேடைகளில் இக்காதை எடுத்தாளப்படும்போதெல்லாம் அதன் இறுதி வேண்டுகோள் மட்டுமே பேசப்படுகிறது. சாத்தனார் அமைத்த வரிசையை ஊன்றிக் கவனிப்போர் குறைவு. உள்ளே இருந்தோர் செய்த குற்றம் என்ன என்பதைச் சாத்தனார் ஓரிடத்திலும் சொல்லவில்லை. மணிமேகலையும் கேட்கவில்லை. திருடனா, கொலைஞனா, வரி கட்டாதவனா, அரசனை இகழ்ந்தவனா என்னும் பட்டியலுக்கு முன்னே சோறு வந்துவிடுகிறது. வேண்டுகோள் அதற்குப் பின்னரே வருகிறது. அச்செய்தியை அரசன் செவிக்குக் கொண்டு செல்பவர்கள் புலவரோ அமைச்சரோ அல்லர், சிறைக் காவலரே. தினந்தோறும் உள்ளிருப்போரின் முகம் பார்ப்பவர்கள் அவர்கள்தாம். சிறைச் சீர்திருத்தக் குழுக்களில் கீழ்நிலைக் காவலர் ஒருவரை அமர்த்த எவருக்கும் தோன்றுவதில்லை, சாத்தனாருக்குத் தோன்றியிருக்கிறது.

மற்றொன்றும் உண்டு. அமுதசுரபி இருந்தமையால் அரசனுக்குச் செலவில்லை. எடுக்க எடுக்கக் குறையாத கலம் அது. சோழனின் பண்டாரத்திலிருந்து ஒரு கலம் நெல்கூட வெளியேறாமல் அறம் நடந்துவிட்டது. அத்தகைய கலம் கைவசம் இல்லாத அரசுகள், சிறையைப் பற்றி முடிவெடுக்கும்போதெல்லாம் கணக்கேட்டைத் திறக்க வேண்டியவையாக உள்ளன. இன்றைய வாதங்களில் பாதி, அமுதசுரபி இல்லாமையால் எழுந்த வாதங்கள்.

அறக்கோட்டம் ஆகிவிட்டதென்று மகிழ்ந்து நூலை மூடுவோர் அடுத்த மூன்று காதைகளைப் படிப்பதில்லை. உதயகுமரன் காயசண்டிகையின் கணவனான விஞ்சையன் வாளால் இறக்கிறான். மாதவர் வாயிலாகச் செய்தி அறிந்த அரசன், மகனுக்கு யான் செய்திருக்க வேண்டிய தண்டத்தை விஞ்சையன் செய்தான் என்ற அளவில் தன் துயரை அடக்கிக்கொள்கிறான். அந்த நடுநிலை வியக்கத்தக்கது. ஆனால் அதே மூச்சில், கொலை செய்யாத மணிமேகலையைக் காவலில் வைக்க ஆணையிடுகிறான். இருபத்திரண்டாம் காதையின் பெயர் ‘சிறைசெய் காதை’. சிறையை ஒழித்தவள் மூன்று காதைகள் கழியுமுன் சிறைப்படுகிறாள். கோட்டம்தான் அறக்கோட்டமாகிவிட்டதே, அவளை எங்கே அடைத்தார்கள் என்று மாணவர் எவரேனும் கேட்டால் ஆசிரியர் திணற வேண்டியிருக்கும். கட்டடத்தை மாற்றுவது ஒருநாள் வேலை. அடைக்கும் வழக்கத்தை மாற்றுவது அவ்வாறன்று என்பதைச் சாத்தனார் சொல்லாமல் சொல்லிவிட்டுப் போகிறார்.

அதற்கடுத்த ‘சிறைவிடு காதை’ இன்னும் கூர்மையானது. மணிமேகலையைச் சிறையிலிருந்து விடுவிப்பவள் அரசி. இறந்துபட்ட இளவரசனின் தாய். விடுவிப்பது அருளால் அன்று. தன் கைக்குள் வைத்துப் பழிதீர்ப்பதற்கு. அறிவு பிறழச் செய்யும் மருந்தூட்டுகிறாள். கல்லா இளைஞன் ஒருவனை ஏவுகிறாள். உணவின்றிப் புழுக்கறையில் அடைக்கிறாள். எதுவும் பலிக்கவில்லை. இறுதியில் இருவரும் எதிரெதிர் நின்று பேசுகின்றனர். அழுவது உடலுக்கா, உயிருக்கா என்னும் பொருள்பட மணிமேகலை கேட்கும் வினாவில் அரசி தெளிகிறாள். இக்காலத்தில் பாதிக்கப்பட்டோரும் குற்றம் சாட்டப்பட்டோரும் நேரில் அமர்ந்து பேசும் முறையை மேலைநாட்டார் புதிய நெறியாகப் போற்றுகின்றனர். அம்முறை எளிதில் கைகூடாது என்பதையும், துயருற்ற தாயின் சினம் எத்துணைக் கொடுமைவரை செல்லும் என்பதையும் மறைக்காமல் எழுதிய பின்னரே சாத்தனார் அந்தத் தெளிவுக்கு வருகிறார். அருளைப் பேசும் கவிஞர்கள் அந்த அரசியைத் தவிர்த்துவிட்டுப் பேசுதல் ஆகாது.

சிலப்பதிகாரம் தண்டனையின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. ஊடிச் சென்ற தேவியைத் தணிவிக்க விரைந்த பாண்டியன், வழியில் பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டு, நின்ற நிலையிலேயே கட்டளையிடுகிறான். உசாவல் இல்லை, அவை இல்லை. கொல்லச் சென்ற காவலருக்கே கோவலன் முகம் பார்த்து ஐயம் எழுகிறது. ஐயுற்றவர் பேசிக்கொண்டிருக்கையில் கல்லாத ஒருவன் வாளை வீசுகிறான். கண்ணகி வழக்குரைத்து, அரசன் உயிர்விட்ட நிகழ்ச்சிவரை ஊரறியும். இளங்கோவடிகள் உரைபெறு கட்டுரையில் சொல்லும் பின்கதை பலர் நெஞ்சில் நிற்பதில்லை. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், ஒரு பொற்கொல்லனின் குற்றத்துக்காகப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டுச் சாந்தி செய்கிறான். நாட்டில் மழை பெய்தது, பிணி நீங்கியது என்று கட்டுரை முடிகிறது. அந்த ஆயிரவரின் மனைவியருக்குச் சிலம்பேந்தி வர ஒரு காப்பியம் வாய்க்கவில்லை.

ஒருவன் குற்றத்துக்குக் குலம் முழுவதும் ஒறுக்கப்படுதல் பழங்கதை என்று எண்ணுவோர் திண்டுக்கல்லிலிருந்து தெற்கே ஒரு பேருந்துப் பயண தூரம் சென்றால் போதும். 1871இல் ஆங்கில அரசு இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்டது. பிறப்பாலேயே ஒரு சமூகத்தார் குற்றவாளிகள் எனப் பதியப்பட்டனர். ஊரார் அதனை ரேகைச் சட்டம் என்றனர்; விரல் ரேகை பதிய வேண்டும், இரவில் காவல் நிலையத்தில் முகம் காட்ட வேண்டும், ஊர் தாண்டச் சீட்டு வேண்டும். உசிலம்பட்டிப் பகுதியிலுள்ள பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று ரேகை பதிய மறுத்தவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்து 16 பேர் மாண்டனர். அதே ஆண்டுகளில் அதே அரசு, கள்ளர் சீரமைப்பு என்ற பெயரில் பள்ளிகளையும் கூட்டுறவுச் சங்கங்களையும் தொடங்கிற்று. ஒரு கையில் ரேகை மை. மறு கையில் சிலேட்டுப் பலகை. சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல் ஒழிந்தது. பள்ளிகள் ஒழியவில்லை; மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் நூறாண்டு கடந்தும் நடந்துவந்துள்ளன. அவற்றில் பயின்றோர் ஆசிரியராக, அலுவலராக, வழக்குரைஞராக விளங்குகின்றனர். அரசு செலவிட்ட இரண்டு கணக்குகளில் எது பயன் தந்தது என்பதற்கு இதைவிட நீண்ட சோதனை எந்த நாட்டிலும் நடந்திராது. ‘சீரமைப்பு’ என்னும் அந்தப் பெயர், சீர் குலைந்தவர் என்று ஒரு மக்களை முன்னரே முடிவுகட்டிய பெயர் என்பதும் மறக்கத்தக்கதன்று.

வள்ளுவரை இருதரப்பாரும் துணைக்கழைப்பர். கொடியோரைக் கொலையால் ஒறுத்தல் பயிர் காக்கக் களை பறித்தலை ஒக்கும் எனச் செங்கோன்மை அதிகாரத்தின் இறுதியில் அவர் சொன்னதைக் கடுமை வேண்டுவோர் எடுத்துக்கொள்கின்றனர். ஓங்கும்போது கடுமையாக ஓங்கி, எறியும்போது மென்மையாக எறிக என வெருவந்த செய்யாமையில் அவரே சொன்னதை இரக்கம் வேண்டுவோர் எடுத்துக்கொள்கின்றனர். இரண்டிற்கும் இடையே ஒரேயோர் அதிகாரந்தான் கிடக்கிறது. அவ்வதிகாரத்தைத் தாண்டி முதலில் நிற்கும் குறளை இருவரும் விட்டுவிடுகின்றனர். குற்றத்தைத் தக்கபடி ஆராய வேண்டும். அது மீண்டும் நிகழாதவாறு ஒறுக்க வேண்டும். குற்றத்துக்கு ஒத்த அளவில் ஒறுக்க வேண்டும் என மூன்று கட்டளைகளை அதில் வைத்திருக்கிறார். பழிக்குப் பழி என்னும் சொல் அங்கே இல்லை.

அளவு என்பதை நீதிமன்றமே மறந்த கதை இம்மாவட்டத்து மகன் ஒருவருடையது. வத்தலக்குண்டு தமிழுக்குத் தந்தோர் பலர். கமலாம்பாள் சரித்திரம் எழுதிய ராஜம் ஐயரும் ‘எழுத்து’ நடத்திய சி. சு. செல்லப்பாவும் இவ்வட்டத்தில் அடிக்கடி பேசப்படுவர். 1884இல் அவ்வூரில் பிறந்த சுப்பிரமணிய சிவா, அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. 1908 சூலையில் திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே, அரசத் துரோகப் பேச்சுக்காகச் சிவாவுக்குப் பத்தாண்டு நாடு கடத்தல் விதித்தார். வ. உ. சிதம்பரம் பிள்ளைக்கு, அவ்வாறு பேசியமைக்கு இருபதாண்டு. சிவாவுக்குத் துணை நின்றமைக்கு இன்னொரு இருபதாண்டு. பேசியவனுக்குப் பத்து, இடங்கொடுத்தவனுக்கு இருபது என்னும் கணக்கைக் கண்டு இலண்டனில் இந்திய அமைச்சராக இருந்த மார்லியே திகைத்து, வைசிராய் மின்டோவுக்குக் கடிதம் எழுதினார். ஆள்வோருக்குள்ளேயே தண்டனையின் அளவு பற்றி வழக்கு எழுந்த நிகழ்ச்சி அது. உயர் நீதிமன்றம் பின்னர்த் தண்டனையை ஆறாண்டாகக் குறைத்தது.

குறைக்கப்பட்ட அந்தத் தண்டனைதான் சிவாவை முறித்தது. சிறையில் தொழுநோய் பற்றிக்கொண்டது. 1912இல் வெளியே வந்தவருக்கு நீதிமன்றம் விதிக்காத இரண்டாம் தண்டனை காத்திருந்தது. நோயைக் காரணங்காட்டி இரயிலில் ஏறத் தடை விதிக்கப்பட்டபோது, கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்று பேசினார். ‘ஞானபானு’ இதழை நடத்தினார். மீண்டும் சிறை சென்றார். 1925 சூலை 23 அன்று பாப்பாரப்பட்டியில் மறைந்தார். ஆறாண்டு என்று தீர்ப்பேட்டில் எழுதப்பட்ட தண்டனை பதினேழாண்டு நீண்டு, உயிரோடுதான் முடிந்தது.

வ.உ.சி.யின் பின்வாழ்வு வேறொரு பாடம். கோவைச் சிறையில் செக்கிழுத்தவர், 1912 திசம்பரில் கண்ணனூரிலிருந்து விடுதலையானபோது கப்பலும் இல்லை, வழக்கறிஞர் உரிமையும் இல்லை. சென்னையில் அரிசியும் எண்ணெயும் விற்றுப் பிழைக்க முயன்று தோற்றார். முன்னர்த் திருநெல்வேலியில் அவர் வழக்கை விசாரித்த வாலஸ் என்னும் ஆங்கிலேயரே, பின்னாளில் உயர் நீதிமன்றத்தில் இருந்தபோது அவருக்கு வழக்கறிஞர் உரிமத்தை மீட்டுத் தந்தார். நன்றி பாராட்டி வ.உ.சி. தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். மறுவாழ்வு என்ற சொல்லுக்கு உரை தேடுவோர் இதனைக் காட்டலாம். பறித்த தொழிலைத் திருப்பித் தந்தார்; அவ்வளவே. அதற்கு ஒரு துறையும் வேண்டியிருக்கவில்லை, திட்டமும் வேண்டியிருக்கவில்லை. ஒரு கையெழுத்து வேண்டியிருந்தது.

அவர்கள் நாட்டுக்காகச் சிறை சென்றவர்கள், கொலைஞரோடு அவர்களை ஒப்பிடலாமா என்று அவையில் சிலர் முகம் சுளிப்பது இயல்பு. ஒப்பீடு குற்றத்தைப் பற்றியதன்று. சிறைச்சுவர் குற்றம் பார்த்து நோய் தருவதில்லை. வெளியுலகம் குற்றம் பார்த்துக் கதவடைப்பதும் இல்லை.

இனி இக்கால வழக்குக்கு வரலாம். ஆயுள் தண்டனை என்றால் பதினான்கு ஆண்டு என்பது ஊர்வழக்கு. சட்டப்படி ஆயுள் என்பது ஆயுள் முழுவதுமே. 1978இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 433ஏ பிரிவு, தூக்குக்குரிய குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்றவரைப் பதினான்கு ஆண்டு முழுமையாகக் கழியுமுன் விடுவிக்கலாகாது என்றது. அந்தக் கீழ்வரம்பையே மக்கள் மேல்வரம்பாகப் புரிந்துகொண்டனர். ஆனால் அரசமைப்பின் 161ஆம் உறுப்பு ஆளுநருக்கு வழங்கும் மன்னிக்கும் ஆற்றலை அப்பிரிவு கட்டுப்படுத்தாது. மாநில அமைச்சரவையின் அறிவுரைப்படி இயங்கும் அந்த வாயில் வழியாகத்தான் தமிழ்நாட்டில் தலைவர்களின் பிறந்தநாள் விடுதலைகள் நிகழ்ந்துவந்துள்ளன.

2008இல் அண்ணா நூற்றாண்டையொட்டி ஏழாண்டு கழித்த ஆயுள் கைதிகள் 1,405 பேர் விடுவிக்கப்பட்டனர். 1997இல் மதுரை வில்லாபுரத்தில் குடிநீருக்காகப் போராடிக் கொலையுண்ட மாமன்ற உறுப்பினர் லீலாவதி வழக்கில் தண்டனை பெற்றோரும் அவ்விடுதலையில் வெளிவந்தனர். எதிர்ப்பு எழுந்தது. 2018இல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டு விடுதலைகளின்போது, 2000 பிப்ரவரியில் தருமபுரியில் பேருந்தோடு எரிக்கப்பட்ட மூன்று மாணவியர் வழக்கில் தண்டனை பெற்ற மூவரும் விடுவிக்கப்பட்டனர். எதிர்ப்பு எழுந்தது. முதலாவதில் எதிர்த்தோர் பலர் இரண்டாவதில் வாய் திறக்கவில்லை. இரண்டாவதில் கொதித்தோர் பலர் முதலாவதில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தனர். 2021இலும் அண்ணா பிறந்தநாளையொட்டி எழுநூறு ஆயுள் கைதிகளின் விடுதலை அறிவிக்கப்பட்டது. இராசீவ் காந்தி கொலை வழக்கிலோ, மாநில அமைச்சரவை 2018 செப்டம்பரில் அளித்த பரிந்துரை ஆளுநர் மாளிகையில் தேங்கிக் கிடந்தது. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தன் தனி ஆற்றலைப் பயன்படுத்திப் பேரறிவாளனை விடுவித்தது. நவம்பரில் எஞ்சிய அறுவரை.

விழா நாளில் சிறைவீடு செய்தல் பழைய மரபே. சேரன் செங்குட்டுவன் சிறைக்கோட்டங்களைத் திறக்கச் சொல்வதும் வரிக்கடனை நீக்கச் சொல்வதும் சிலம்பில் ஒரே ஆணையில் வருகின்றன. அதே காப்பியத்தின் கட்டுரை காதையில் வரும் வார்த்திகன் விடுதலை அதனினும் சிறந்தது. குற்றமற்ற அந்தணனைப் பிறர் சொற்கேட்டுச் சிறையிட்டதால் ஐயை கோவிற் கதவு திறவாமல் நின்றுவிட, பாண்டியன் காரணம் உசாவி, தவறுணர்ந்து, விடுவித்து, திருத்தங்காலையும் வயலூரையும் அவனுக்குக் கொடுக்கிறான். அங்கே காரணம் கேட்கப்பட்டது. பிறந்தநாள் விடுதலைகளில் ஆண்டுக்கணக்கே பெரிதும் பேசுகிறது. திருந்தியவனும் திருந்தாதவனும் ஒரே வாயிலில் ஒரே நாளில் வெளிவருகின்றனர். தேதி பார்த்து அருள் செய்வது அரசுக்கு மலிவு. ஒவ்வொருவரையும் தனித்தனியே ஆராய்ந்து, நன்னடத்தை அலுவலர் ஊருக்குச் சென்று விசாரித்து, இறந்தோர் குடும்பத்தின் நிலையையும் கேட்டறிந்து, அறிவுரைக் கழகம் ஆண்டுதோறும் அமர்ந்து முடிவெடுப்பது செலவு பிடிக்கும் வேலை. விதிகளில் அது இருக்கிறது. அதற்குரிய ஆட்கள்தாம் போதுமான அளவில் இல்லை.

செலவென்ற பேச்சு வந்தவுடன், எங்கள் வரிப்பணத்தில் கொலைகாரனுக்குச் சோறா என்னும் வாதம் முந்திக்கொண்டு வரும். அது முழுவதும் புறந்தள்ளத்தக்க வாதமன்று. தலைவனை இழந்த குடும்பத்துக்குச் சோறு போட எவரும் வராதபோது அவ்வாறு கேட்பவர் வாயை அடைக்க முடியாது. ஆனால் சிறைக்கணக்கில் சோறு சிறு பங்கே. காவலர் ஊதியம், நீதிமன்றத்துக்கு அழைத்துச் செல்லும் வழிக்காவல், மருத்துவம், கட்டடம் ஆகியவையே பெரும் பங்கு. சிறையில் இருப்போர் யாவர் என்று பார்த்தால் கணக்கு இன்னும் விந்தையாகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவருள் 4,34,302 பேர் வழக்கு முடியாத விசாரணைக் கைதிகள். நான்கில் மூவரின் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை. பிணைக்கு ஆள் இல்லாமல் உள்ளே இருப்பவருக்கு மாதக்கணக்கில் செலவிடுவதைவிடப் பிணை பெற்றுத் தர ஒரு வழக்கறிஞருக்குச் செலவிடுவது குறைவு என்பதைக் கணிதம் அறிந்தோர் மறுக்கமாட்டார்கள்.

எந்த ஏட்டிலும் ஏறாத செலவும் உண்டு. திண்டுக்கல் மாவட்டச் சிறையில் தொடங்கும் வழக்கு, நெடுந்தண்டனை என்றால் மதுரை மத்திய சிறைக்குச் செல்கிறது. வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைத் தொழிலாளியான மனைவி, அல்லது நிலக்கோட்டையில் பூப்பறிக்கும் தாய், ‘மனு’ பார்க்கப் புறப்பட்டால் ஒருநாள் கூலி போயிற்று. பேருந்துக் கட்டணமும் பழமும் ரொட்டியும் தனி. நேர்காணல் என்று அலுவலகம் எழுதும் சொல்லை அவர்கள் வழங்குவதில்லை. மனு என்றே சொல்கின்றனர். விண்ணப்பித்துத்தான் சொந்த மகனின் முகம் காண வேண்டும் என்னும் நிலையை அந்த ஒரு சொல் அடக்கிவைத்திருக்கிறது. சிறைச்செலவில் அரசின் பங்கு எவ்வளவு, அந்தத் தாயின் பங்கு எவ்வளவு என்று எந்த நிதிநிலை அறிக்கையும் பிரித்துக் காட்டியதில்லை.

கைதியின் உழைப்புக்குக் கூலி உண்டா என்பதும் நெடுங்கால வழக்கு. 1998இல் குசராத் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், கடுங்காவல் கைதிக்கு நியாயமான கூலி தரப்பட வேண்டும் என்றது. உணவு, உடைச் செலவை அதில் கழித்துக்கொள்ளலாம் என்றது. ஒரு பகுதியைப் பாதிக்கப்பட்டோருக்கு ஒதுக்கச் சட்டம் வேண்டும் என்றும் கருத்துரைத்தது. தமிழ்நாட்டிலும் கூலியின் ஒரு பங்கு பாதிக்கப்பட்டோர் நிதிக்குச் செல்லுமாறு விதி அமைந்தது. கொன்றவன் உழைப்பில் ஒரு காசேனும் கொல்லப்பட்டவன் வீட்டுக்குச் செல்லும் இவ்வேற்பாடு, கடுமை, இரக்கம் என்னும் இரு கட்சிக்கும் நடுவே கிடக்கும் நல்ல நிலம். அதில் உழுவோர் இல்லை. அந்நிதி உரியவர் கைக்குச் சேர்ந்ததா என்று சட்டமன்றத்தில் கேட்டால் கைதட்டல் கிடைக்காது என்பது காரணமாக இருக்கலாம்.

சிறைத்துறை தன் பெயரிலேயே ‘சீர்திருத்தப் பணிகள்’ என்பதைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. எரிபொருள் நிறுவனத்தோடு இணைந்து கைதிகளே பணியாற்றும் பெட்ரோல் நிலையங்கள் 2019 முதல் சிறைவாயில்களில் இயங்கத் தொடங்கின. புழலில் பெண் கைதிகள் பணியாற்றும் நிலையம் 2023இல் திறக்கப்பட்டது. வண்டிக்கு எண்ணெய் இட்டுச் சில்லறை திருப்பித் தருபவரின் முகத்தை நிமிர்ந்து பார்த்து நன்றி சொல்லிச் செல்வோர் சிலராவது இருப்பர். அந்த ஒரு கணத்துக்கு அரசு தனியாகச் செலவிடவில்லை. 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்கிதா, சிறு குற்றங்கள் சிலவற்றுக்குச் சமூகப் பணியையே தண்டனையாக விதிக்க இடமளித்துள்ளது. ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதன்முறை திருடித் திருப்பித் தந்தவன் சிறைக்குச் செல்ல வேண்டியதில்லை. சட்டத்தின் பெயர் தமிழ் நாவில் படியாவிட்டாலும் இந்த ஓர் ஏற்பாடு வரவேற்கத்தக்கது. எந்தப் பணி, யார் மேற்பார்வை என்பதைச் செம்மையாக வகுக்காவிட்டால் அது ஏட்டுச்சுரைக்காய் ஆகும்.

கவிஞர்கள் நிறைந்த அவையில் மற்றொரு செய்தியும் சொல்லத்தக்கது. ‘கூண்டுக்குள் வானம்’ என்னும் பெயரில் சிறைத்துறை புத்தகக் காட்சிகளில் அரங்கு அமைத்துச் சிறை நூலகங்களுக்கு நூல்களைக் கொடையாகப் பெற்றுவந்துள்ளது. பெயரிட்டவர் யாராயினும் அவருக்குள் ஒரு கவிஞர் இருந்திருக்கிறார். கூண்டும் வானமும் இங்கும் வந்துவிட்டன என்று குறைசொல்ல மனம் வரவில்லை. கொடை கொடுப்போர் பழைய தேர்வுக் கையேடுகளையும் அட்டை கிழிந்த இதழ்களையும் தள்ளிவிடும் இடமாக அதனைக் கருதாதிருத்தல் நலம். வட்டத்தின் அலமாரியில் உரையோடு கூடிய மணிமேகலைப் படிகள் இருக்குமாயின், அவற்றுள் ஒன்று மதுரைச் சிறைக்குச் செல்லலாம். பத்தொன்பதாம் காதையை மேடையில் பேசுவோர் வெளியே நிறைய உள்ளனர். இருபத்திரண்டையும் இருபத்து மூன்றையும் பொறுமையாகப் படிக்கக் கூடியவர்கள் உள்ளே இருக்கின்றனர்.